என் அலுமாரிக்குள் இருந்த பொதிகள்

2025 நவம்பர் 4, செவ்வாய்

நாளை கணிதப் பரீட்சை. ஒன்றும் படிக்கவில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அண்ணைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிட்டு அவன் உதைபந்துக்குப் போனான், நான் விடவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் என் மெத்தைக்கு அடியில் அவர் தேட மாட்டார். தேட மாட்டார்தானே?

பள்ளியால் வந்து அலுமாரியைத் திறந்தால், குளிர் உடுப்புகளுக்குப் பின்னால் இரண்டு பொதிகள். வாழையிலையில் இறுக்கிச் சுற்றிச் சிவப்பு நூலால் வரிந்து கட்டியிருந்தது. முதலில் இலை அடை என்று நினைத்தேன். எடுத்து மணந்து பார்த்தேன். அடை இல்லை.

அண்ணை வாசலில் நின்றான்.

"தொடாதை. கொஞ்ச நாளைக்கு உன்னட்டை இருக்கட்டும்."

"என்ன இது?"

"கஞ்சா." சோறு என்று சொல்வது போலச் சொன்னான்.

பாரிஸுக்கு வெளியே, பொண்டியில் அவனுடைய கூட்டாளி தனூஜன் வீட்டின் பின்னறையில் இருவருமாகச் செடி வளர்த்திருக்கிறார்கள். ஆபிரிக்காவில், மலாவி என்ற நாட்டில், இதைச் சோள மடலில் சுற்றிப் புழுக்கத்தில் வைத்துப் புளிக்க விடுவார்களாம். அப்படிச் செய்தால் காரம் போய், சுருட்டு மாதிரி வருமாம். ஏதோ வீடியோவில் பார்த்தானாம். "இஞ்சை சோள மடலுக்கு எங்கை போறது? அம்மான்ரை பிரிச்சுக்குள்ளை வாழையிலை கிடந்தது." நூல் சாமித்தட்டில் எடுத்தது, கோயிலில் தந்த நூல்.

"ஏன் உன்ரை அறையிலை வைக்கேலை?"

"உன்ரை அலுமாரிக்குப் பின்னாலைதான் ஹீட்டர்க் குழாய் போகுது. வெக்கை வேணும். அதோடை உன்ரை அலுமாரியை ஒருத்தரும் திறக்க மாட்டினம்."

அது உண்மை. நான் பெரியபிள்ளையான நாளில் இருந்து என் உடுப்பை நானே தோய்த்து மடித்து வைக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அப்பா இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

"வாயைத் திறந்தியெண்டால் அப்பான்ரை நசியொனாலித்தே போச்சு. யோசிச்சுக்கொள்."

தை மாதம் அப்பாவுக்குக் குடியுரிமை நேர்முகம். நான் பிறக்க முதலே பிரான்சுக்கு வந்தவர். இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. எது கூட என்று தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

யன்னலைத் திறந்து வைத்தேன். பொதி குளிர்ந்து கெட்டுப் போகட்டும். அண்ணை வந்து பூட்டினான். அவன் போனதும் திரும்பத் திறந்தேன். குளிரில் கை விறைத்துப் பேனா பிடிக்க முடியவில்லை. பரவாயில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூரணி மாமி ஓல்னேயிலிருந்து வந்திருந்தார். அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. எப்போது வந்தாலும் நேரே என் அறைக்குத்தான் வருவார். இன்றைக்கு எனக்கு ஒரு நீலச் சுரிதார் கொண்டு வந்தார். தானே அலுமாரியைத் திறந்து கொழுவினார்.

"என்னடி, உள்ளுக்கை ஏதோ புளிச்ச மணம்?"

"நனைஞ்ச கோட், மாமி."

"கோட்டோ, செத்த எலியோ?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. மாமி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

போகும்போது அம்மாவிடம், "மச்சாள், பிள்ளை மெலிஞ்சு போனாள், கொஞ்சம் கவனியுங்கோ" என்றார். கதவைச் சாத்திய பிறகு அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, "பெத்து வளர்த்தவை எனக்குச் சொல்லட்டும்" என்றார். தண்ணீர்ச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்டிராது. எனக்குக் கேட்டது.

நவம்பர் 13, வியாழன்

இன்று வகுப்பில் ஆனைஸ் என் பக்கத்தில் வந்து இருந்தாள், உடனே கதிரையைத் தள்ளினாள். அவள் புதுச்சேரிக்காரி, மனதில் ஒன்றும் வைக்க மாட்டாள்.

"உன் கோட்டு என்னடி இப்படி நாறுது? பழைய வைக்கோல்ல வெல்லத்தை ஊத்தி வச்ச மாதிரி!"

"அம்மா வெந்தயக் குழம்பு வைச்சவ."

"எங்க வீட்லயும்தான் வெந்தயம் போடுறாங்க. இது வெந்தயமாம்!"

பள்ளிக் கண்காணிப்பாளர் தாழ்வாரத்தில் வந்தார். கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் அமுக்கிவிட்டு, இடைவேளையில் முற்றத்து மழைக்குள் புல்ஓவரோடு நின்றேன். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கள்ளி மாதிரி நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் "எடு" என்றேன்.

"இன்னும் பழுக்கேலை."

"மாம்பழமே? எடு எண்டால் எடு."

"கத்தாதை. சுவருக்கும் காது இருக்கு."

கத்தினேன். என் சத்தத்துக்கு நானே பயந்து போனேன். ஆனாலும் கத்தினேன்.

நவம்பர் 15, சனி

அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

நான் தமிழ் வகுப்பால் வந்தபோது என் உடுப்பெல்லாம் கட்டிலில் கிடந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று தேடியிருக்கிறார். ஒரு பொதிதான் அகப்பட்டிருக்கிறது. மற்றதை அண்ணை கீழ்த் தட்டில் சப்பாத்துப் பெட்டிக்குள் மாற்றி வைத்திருந்தான். சமையல் இடுக்கியால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இலை கறுத்துப் போயிருந்தது. ஒரு சாறு சொட்டியது.

"செய்வினை," என்றார்.

"விசர்க்கதை கதையாதை, அஜந்தா," என்றார் அப்பா.

"அப்ப இது என்ன? வாழையிலை, கோயில் நூல், முடிச்சுக்கு மேலை முடிச்சு! குமர்ப்பிள்ளையின்ரை உடுப்புக்குள்ளை!"

"அவிழ்த்துப் பாப்பமே."

"ஐயோ, தொடாதைங்கோ! அவிழ்க்கிறவரைத்தான் முதல் பிடிக்கும்!"

நான் அண்ணையைப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை. பிறகு மெல்ல மெல்ல அவனுக்கு ஏதோ விளங்கியது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"ஓம் அம்மா," என்றான். "அவிழ்க்காதைங்கோ."

ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்றார் அம்மா. ஓடுகிற தண்ணீருக்குப் பாரிஸில் எங்கே போவது? ஸ்டாலின்கிராட் பக்கக் கால்வாய்க்கு அண்ணையையே கூட்டிக்கொண்டு போனார். எலுமிச்சங்காயோடு சேர்த்து அவனே எறிந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றாராம், திரும்பிப் பார்க்கவில்லையாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. தலையணையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டார்: "போன ஞாயிறு அந்த அலுமாரிக்குள்ளை கை வைச்சது ஆர்?"

சிரிப்பு போய்விட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மா மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"உங்களுக்கு இல்லையெண்டதுக்காக என்ரை பிள்ளையிலை கண் வைக்காதைங்கோ. இனி இந்த வாசலுக்கு வரவேண்டாம்."

பிறகு மாமியின் குரல்: "நான் சுரிதார்தான் கொழுவினனான், மச்சாள்."

அவ்வளவுதான். அப்பா எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நான்? நானும்தான் பேசவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அப்பாவின் நேர்முகம், பொலிஸ் என்று நினைத்தேன், விழுங்கிவிட்டேன்.

நீலச் சுரிதாரை அம்மா குப்பையில் போட்டார். எல்லோரும் படுத்த பிறகு எடுத்துவிட்டேன். அதில் மரக்கறித் தோல் ஒட்டியிருந்தது. இப்போது மெத்தைக்கு அடியில், இந்தக் கொப்பியோடு இருக்கிறது. யாரும் கேட்டால் கேட்கட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

"மற்றது இருக்கெல்லே," என்றான் அண்ணை. "சனிக்கிழமை ஸ்கூல் பையிலை போட்டுக்கொண்டு பொண்டிக்குப் போய்த் தனூஜனிட்டைக் குடுத்திட்டு வா. தமிழ் வகுப்புக்கு எண்டு அம்மாட்டைச் சொல்லு."

"நீயே கொண்டு போ."

"என்னைப் பிடிச்சால் கேஸ். நீ மைனர், பொம்பிளைப் பிள்ளை. உன்னை ஒண்டும் செய்ய மாட்டாங்கள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அதுக்குத்தானோ என்ரை அலுமாரி?"

குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

"மாமி?" என்று கேட்டேன். "மாமிக்கு என்ன சொல்லப்போறாய்?"

"அம்மா கொஞ்ச நாளிலை மறந்திடுவா."

"நான் அம்மாவைக் கேக்கேலை. மாமியைக் கேக்கிறன்."

"உனக்கேன் மாமியைப் பற்றி இவ்வளவு? விடன்."

குழாயும் இல்லை, வெக்கையும் இல்லை. பிடிபட்டால் நான் பிடிபடட்டும் எண்டதுதான். முதல் நாளே யோசிச்சுத்தான் வைச்சிருக்கிறான். எனக்கு நடக்கப் பழக்கினவன் இவன்தான் எண்டு அம்மா சொல்லுவா. இப்ப எழுத்தெல்லாம் கோணுது. கோணட்டும்.

நவம்பர் 21, வெள்ளி

சரி, கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை என்றான்.

எங்கே கொண்டு போகிறேன் என்று நான் சொல்லவில்லை.

நவம்பர் 22, சனி

கார் து நோர் றெயில் நிலையம் வரைக்கும் நடந்தே போனேன். வழியெல்லாம் எங்கள் ஆட்கள். முருங்கைக்காய்ப் பெட்டி இறக்குகிறவர், நகைக்கடை வாசலில் நிற்கிறவர், எல்லோரும் என் பையைத்தான் பார்க்கிறார்கள் போல இருந்தது. நிலையத்துக்குள் மூன்று பொலிஸ்காரர்கள் ஒரு நாயோடு நின்றார்கள். நாய் கொட்டாவி விட்டது. நான் நிற்காமல் நடந்தேன். அவர்கள் ஒரு பெரிய பெட்டிக்காரனைக் கூப்பிட்டார்கள்.

பொண்டிக்குப் போகிற பலகை ஒரு பக்கம், ஓல்னே றெயின் மறுபக்கம். ஓல்னே பக்கம் திரும்பினேன்.

மாமி கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமே நீ வந்தது?"

"இல்லை."

மேசையில் பொதியை வைத்தேன். "இதுதான் மாமி, நீங்கள் வைச்ச செய்வினை. மற்றதைக் கால்வாயிலை போட்டாச்சு."

மாமி கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு கணமும் தயங்கவில்லை, நூலை வெட்டி இலையைப் பிரித்தார். உள்ளே கறுப்புக் கபிலமாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மூக்கருகில் கொண்டுபோனார்.

"சுருட்டோ?"

"கஞ்சா. அண்ணையின்ரை. ஆபிரிக்க முறையாம்."

மாமி என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். விலாவைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து சிரித்தார். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு நாளும் சாமிக்கு முன்னாலை நிண்டு யோசிச்சனான், துஷி. நான் ஒண்டும் வைக்கேலை. ஆனால் என்ரை மனசிலை எங்கையாவது ஒரு பொறாமை கிடந்து, அதுதான் உனக்கு வந்திட்டுதோ எண்டு."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது?

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு ஏசினார். "இதை றெயினிலையோ கொண்டு வந்தனி? உனக்கு மூளை இல்லையே? பிடிபட்டிருந்தால்?"

"நான் மைனராம். ஒண்டும் செய்ய மாட்டாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அண்ணை."

மாமி எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று எழுதி முடிக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் மாமி, "நீ பேசாமல் நில், நான் சொல்லுறன்" என்றார். "இல்லை, நான்தான் சொல்ல வேணும்" என்றேன்.

மேசையில் பிரித்த பொதியைக் கண்டதும் அம்மாவின் கை எலுமிச்சங்காய்க்குப் போனது. "அது தேவையில்லை, மச்சாள்," என்றார் மாமி. "மகனைக் கூப்பிடுங்கோ."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், நூல், பொண்டி, தனூஜன், மைனர்.

"பொய்!" என்றான் அண்ணை. "அவளின்ரை அலுமாரிக்குள்ளைதானே கிடந்தது!"

அதைத்தான் அவன் சொல்வான் என்று எனக்குத் தெரியும். இப்போது எல்லோரும் கேட்டார்கள்.

அப்பா மெல்லிய குரலில் கேட்டார்: "அவளின்ரை எண்டால், அண்டைக்கு ஏன் அவிழ்க்க வேண்டாமெண்டனி?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அண்ணையைப் பார்க்கவில்லை, மாமியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பொதியை அள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போனார். கை கையாகப் போட்டுத் தண்ணீர் இழுத்தார். கடைசியில் அடைத்துக்கொண்டது. ஒரு கம்பியோடு அண்ணையை உள்ளே விட்டார். "நீ புளிக்க வைச்சது, நீயே எடு." பிறகு என்னிடம், "என்ரை கடதாசிக்காக நீ இப்பிடிப் பயந்து கிடந்தனியோ?" என்றார். ஓம் என்றேன். என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

படுக்கப் போகும்போது அண்ணை என் கதவடியில் நின்றான்.

"இப்ப சந்தோஷமோ?"

"இல்லை. ஆனால் நித்திரை வரும்."

வந்தது.

டிசம்பர் 6, சனி

அப்பப்பாவின் ஆட்டத்திவசம். இன்றைக்குப் பகலிலேயே எழுதுகிறேன்.

வாழையிலை வாங்கிவர அம்மா அண்ணையைத்தான் அனுப்பினார். கழுவித் துடைக்கவும் அவனைத்தான் விட்டார். "கிழிக்காமல் துடை," என்றார்.

மாமி வந்தார். அம்மாதான் கதவைத் திறந்தார். பிறகு அம்மா கையை நீட்டி மாமியின் கோட்டை வாங்கினார்.

நான் நீலச் சுரிதார் போட்டிருந்தேன். அம்மா கண்டார். தான் எங்கே எறிந்தது என்று அவருக்குத் தெரியும். கிட்ட வந்து தோளடியை இழுத்துப் பார்த்து, "இதிலை லூசாக் கிடக்கு, பிடிச்சுத் தைக்க வேணும்" என்றார். கழற்றச் சொல்லவில்லை. நான் நின்றபடியே ஊசியோடு வந்து தைத்தார். பல்லால் நூலைக் கடித்தபோது மூச்சு என் கழுத்தில் பட்டது.

எப்போதும் ஆண்களுக்குத்தான் முதல் இலை போடுவது. இன்று அம்மா முதல் இலையை மாமிக்கு முன்னால் விரித்தார். மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மச்சாள், உப்புப் பாக்கவோ?"

"இல்லை," என்றார் அம்மா. "சாப்பிடத்தான்." சோற்றுக்கரண்டியை எடுக்கத் திரும்பிவிட்டார்.

பாயாசம் பரிமாறினது அண்ணை. மாமியின் இலைக்கு அவன் வந்தபோது கொஞ்சம் விளிம்பில் சிந்தியது. மாமி விரலால் வழித்து உள்ளே விட்டார். பிறகு என்னிடம் வந்தான். அந்த இரவுக்குப் பிறகு அவன் என்னோடு பேசியதே இல்லை. குனிந்து ஒரு கரண்டி விட்டான்.

"காணுமோ?" என்றான்.

"காணாது," என்றேன். "இன்னும் விடு."