விரல் தாண்டிய இடம்

சித்திரபானு வருஷம், ஐப்பசி 12. மழை.

இன்றும் பள்ளிக்கூட வாசலில் பத்திரிகை படித்தேன். வரிமேல் விரலை ஓட்டிப் படிப்பது என் வழக்கம். கேட்பவர்களுக்கு எழுத்துத் தெரியாது, விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யுத்தச் செய்தி நடுவே ஒரு பத்தி வெறும் வெள்ளையாக இருந்தது. சர்க்கார் தணிக்கை. சர்க்கார் ஆளான ஊர் மணியக்காரர் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் கீழே தாண்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரியண்ணன் என்பவர் விடவில்லை. அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். கடுதாசி வந்து மாதங்கள் ஆகின்றன.

"ஏனுங்க வாத்தியாரே, விரலு இங்க குதிச்சிருச்சுங்களே?"

"அங்க ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை எடம் உட்டிருக்காங்க?"

மணியக்காரர் செருமினார். பத்திரிகையை மடித்துவிட்டேன். சர்க்கார் செய்தியைத்தான் மறைத்தது. மறைத்ததையே மறைத்தவன் நான். என்ன வாத்தியார் உத்தியோகம் இது!

எல்லோரும் போனபின் பெரியண்ணன் நனைந்துகொண்டே திரும்பி வந்தார். அந்த வெள்ளைப் பத்தியை மட்டும் கிழித்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் நீங்க படிச்சாத்தானுங்க எனக்குத் தெரியும். இது எனக்கே படிக்கத் தெரியுதுங்க."

கிழித்துக் கொடுத்தேன்.