கேரியருக்குக் குட்டையான கூடை

மாசி 20, வியாழன்

மாசி பாதி போயும் பனி விடவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிய நான், குல்லாவோடு ரேஷன் கடைக்குப் போய்வந்தது போக, இந்த வாரம் முழுக்க வயர் கூடை பின்னினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகும் என் மனைவி செல்விக்கு, சாப்பாட்டுக் கேரியர் வைக்க. தெருவெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன்.

இன்று முடித்துப் பார்த்தால் கூடை குட்டை. கேரியரின் மூன்றாவது அடுக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு வெளியே நிற்கிறது. பின்னக் கற்றுக்கொடுத்த எதிர்வீட்டுப் பாத்திமாக்கா சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது.

“ஏம்ப்பா, ஒவ்வொரு வயரும் ஆறு முழம் வெட்டுன்னு சொன்னது என் கைக்குல்ல! உன் கையை வச்சா அளந்த?”

அக்கா நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம். நான் பஸ் கம்பிக்கு எம்பும் ஆள்.

சாயங்காலம் செல்வி கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“நல்லாத்தான இருக்கு. நாளைலருந்து ரெண்டு அடுக்கு போதும். அம்புட்டையும் தின்னுட்டுப் பாடம் நடத்த முடியுதா?” என்று மேல் அடுக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதில்தான் மோர்சாதம் கொண்டுபோவாள். நாலு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸுக்கு முன்னால் அவள் வயிற்றுக்கு அது ஒன்றுதான். பழைய பையிலேயே கொண்டுபோ என்று நான் சொல்லியிருக்கலாம். என் கூடை தெருவழியே போவதைப் பார்க்கிற ஆசை வாயை அடைத்துவிட்டது.