ஒன்பது வருடம் என்ன செய்தீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்: நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே?

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. "இனி உன்னைக் கட்டிப்போட ஒண்ணும் இல்லை, உனக்குப் பிடிச்சதைச் செய்" என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. தலைப்பக்கம் ஏற்றி இறக்குகிற அம்மாவின் இரும்புக் கட்டிலை மட்டும் மருந்துக்கடைக்காரர் சொன்ன ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அது கிடந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் மற்ற இடத்தோடு சேரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை என்று நினைவு வந்ததும் நானே புரண்டு படுத்துக்கொள்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மேல் வீட்டுப் பெண் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறாள். ஒரு வாரம் தினமும் வேலை முடிந்து வந்து, சமையலறை மேஜை முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எனக்கு இன்டர்வியூ நடத்தினாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். வயது நாற்பத்து மூன்று, ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு என்று ஆரம்பித்தேன். "ஐயோ அக்கா, அது டாக்டர்கிட்ட சொல்றது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பலம் மூன்று சொல்ல வேண்டுமாம், பலவீனம் ஒன்று. ஆனால் அந்தப் பலவீனம் பலவீனமாக இருக்கக் கூடாதாம். "எடுத்த வேலையை முடிக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம்" என்று சொல்ல வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு அவளே பதில் எழுதிக் கொடுத்தாள். பொறுப்புகள் கூடி, ஒரு குழுவை வழிநடத்தும் இடத்தில் இருப்பேனாம். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

முதலில் போனது ஒரு பார்சல் கம்பெனி. அந்தக் காலத்தில் நான் ஏழு வருடம் பார்த்த அதே அலுவலக வேலை. காத்திருந்தவர்களில் ஒரு பெண், "யாருக்குத் துணையா வந்திருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பையனுக்கு உன் பெரியவனைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். பலம், பலவீனம், ஐந்து வருடம் எல்லாம் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டேன். அப்புறம் என் தாளைத் திருப்பிப் பார்த்தான். "ஒன்பது வருஷம் இடைவெளி இருக்கே மேடம், என்ன செஞ்சீங்க?" என்றான். அம்மாவுக்குப் பக்கவாதம், கூட இருந்து பார்த்துக்கொண்டேன் என்றேன். "அது புரியுது மேடம். வேலை எதுவும் செய்யலையா?" என்று கேட்டான்.

கெட்ட பிள்ளை இல்லை அக்கா, தன்மையாகத்தான் கேட்டான். "இல்லைங்க, ஒண்ணும் செய்யலை" என்று சொல்லிவிட்டேன். போன் பண்ணுகிறோம் என்றார்கள். லிஃப்ட் இருந்தது நினைவில்லாமல் ஐந்து மாடியும் நடந்தே இறங்கினேன். போன் வரவில்லை. அதற்கப்புறம் விண்ணப்பித்த எட்டு இடத்தில் ஆறு இடத்திலிருந்து பதிலே இல்லை. இரண்டு இடத்தில் அனுபவம் போதாது என்றார்கள்.

போன வியாழக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். எனக்கு மனமே இல்லை. வாசலைத் தாண்டியதும் கிருமிநாசினியும் ஈரப் போர்வையும் கலந்த அந்த வாசனை வந்தது. என் கை தானாகவே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டது.

மேலாளர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். உங்கள் பலம் என்ன என்று கேட்டார். பாடம் பண்ணியது ஒன்றும் வாயில் வரவில்லை. "என்னைவிடக் கனமானவங்களைத் தனியாப் புரட்டிப் படுக்க வைப்பேன். எங்கே வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவங்களுக்கு முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். எவ்வளவு திட்டினாலும் அடுத்த வேளை சோறு ஊட்டுவேன்" என்றேன். பலவீனம் என்ன என்று கேட்டார். அதையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் முதலில் சொன்னதற்கு மன்னித்துவிடு.

அம்மா போவதற்கு ஐந்து மாதம் முன்பு, ஒரு மத்தியானம், ஊட்டி முடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எதுவும் வாங்கப் போகவில்லை. பஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக்கூட உட்கார்ந்தேன். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார். சொல்லத் தெரியாமல் இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா நனைந்து கிடந்தாள். திட்டப் போகிறாள் என்று வாசலிலேயே நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே அக்கா, அந்த ஒன்பது வருடத்தில் நான் பார்க்காத மலர்ச்சி. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "வந்துட்டியா? இப்பவாவது வழி தெரிஞ்சுதா?" என்றாள். வந்துட்டேன்மா என்றேன்.

அன்றிலிருந்து கடைசி வரை நான்தான் நீ. என்னைப் பற்றி என்னிடமே குறை சொல்வாள். தங்கச்சி நல்லவதான், கைதான் கொஞ்சம் முரடு என்பாள். அவ எங்கே போனா என்று கேட்டால், வேலைக்குப் போயிருக்காம்மா என்பேன். "போகட்டும், அவளும் எத்தனை நாள்தான் வீட்டிலேயே கிடப்பா" என்பாள்.

கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று போனில் அழுதாய். அம்மா உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேனா, குத்திக்காட்டச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

மேலாளர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "திரும்பி வந்தீங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். லட்சியம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடச் சொன்னார். முதல் மாடி, பதினான்கு கட்டில்.

மேல் வீட்டுப் பெண் துள்ளிக் குதித்தாள். நானும் சந்தோஷம் என்றேன். ஒரு கட்டிலிலிருந்து எழுந்து பதினான்கு கட்டிலுக்குப் போகிறேன். எனக்கு வேறு ஒன்றும் வராது என்று ஊரே சேர்ந்து முடிவு பண்ணிவிட்டது போல இருக்கிறது. நாளைக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டும், சத்தம் போடாத ரப்பர் செருப்பு.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் ஒருமுறை வா. எதுவும் கொண்டுவராதே, எனக்கு எந்தச் சமாதானமும் சொல்லாதே. அந்த இல்லத்தில் வேலை பார்க்கிற எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி உன்னை விட்டால் ஆள் கிடையாது. நீ வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிடு, அது போதும். எங்கிருந்தாலும் "வந்துட்டேன்க்கா" என்று ஓடி வருவேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை