அண்ணன் அறை டிவிக்கு ஒரு பிரதி

மார்ச் 3, திங்கள்

அண்ணன் மகளின் திருமணப் படம் தொகுத்து முடிந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம். இனி எந்த அமைப்பில் கோப்பாக வெளியே எடுப்பது என்பதுதான் பாக்கி. வாடிக்கையாளர்கள் என்றால் எதில் பார்ப்பீர்கள், போனா டிவியா, பழையதா புதியதா என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். இன்று கேட்கவில்லை. கேட்பதென்றால் அண்ணனோடு பேச வேண்டும்.

இருப்பதிலேயே உச்சத் தரத்தில் எடுத்தேன். ஃபோர் கே, எச்.265 என்ற புதிய சுருக்குமுறை, பத்து பிட் நிறம். பெண்ணின் காதோர முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். பார்க்கட்டும். இயற்பியலில் முதுகலை முடித்துக் கிடைத்த கல்லூரி வேலையை விட்டுவிட்டு நான் கேமராவைத் தூக்கியபோது, "இவ்ளோ படிச்சுட்டு கல்யாண வீட்ல லைட்டு புடிக்கப் போறான்" என்று சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சிரித்த மனிதர். பத்தொன்பது வருடம் ஆகிறது. படுக்கையை விட்டு எழ முடியாமல் போய், மகள் கல்யாணத்தை அவர் இன்று என் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

மார்ச் 5

அண்ணி வந்து பென்டிரைவை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வரச் சொன்னேனா? நினைவில்லை.

மார்ச் 6, வியாழன்

அண்ணி போன் செய்தார். "தம்பி, சத்தம் மட்டும்தான் வருது. படம் வரல, கருப்பா இருக்கு."

கேட்ட நொடியே புரிந்துவிட்டது. அண்ணன் அறையில் இருப்பது பத்து வருடப் பழைய டிவி, எச்.265 அதற்குப் பிடிபடாது. பழைய முறையான 264க்கு மாற்றி அளவையும் குறைத்தால் ஓடும். எனக்கு ஐந்து நிமிட வேலை, கணினிக்கு அரை மணி.

நான் சொன்னதோ, படத்தில் ஒரு குறையும் இல்லை, டிவியை மாற்றுங்கள் என்று. பழைய டிவிக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் தரத்தைக் குறைத்து… என்று அண்ணி இழுத்தார்.

"நான் தரத்த கொறைக்கிறது இல்ல அண்ணி."

பொய். தினமும் குறைப்பதுதான் என் பிழைப்பு.

மார்ச் 8

அண்ணி திரும்பக் கூப்பிடவில்லை. புது டிவி வாங்கியிருப்பார்கள்.

மார்ச் 9

நான் ஏன் மாற்ற வேண்டும்? இத்தனை வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேலையெல்லாம் எப்படிடா போகுது என்று கேட்டிருப்பாரா? என் வீட்டுக்கு வந்தால், நான் எடுத்த படம் ஓடினாலும் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிஸ்கட் கம்பெனிக்காரர் முப்பது விநாடி விளம்பரத்தை ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். ஒன்பது முறையும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். அவர் யாரோ. யாரோவுக்குச் செய்வதில் கஷ்டம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் மகள் வெளியூரிலிருந்து அழைத்தாள். டாக்டர் அவளை உடனே வந்துவிடச் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை வந்து சேர்வாள். அழுகையை அடக்கிக்கொண்டு, அப்பா படம் பார்த்தாரா சித்தப்பா என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன்.

போனை வைத்ததும் உட்கார்ந்து மாற்றினேன். 264, எட்டு பிட், பாதி அளவு. கணினித் திரையில் கோடு நகர்ந்து முடிய முப்பத்தொரு நிமிடம். வெறும் முப்பத்தொரு நிமிடம்தான்டா. ஏழு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?

மார்ச் 14

காலையிலேயே போனேன். அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தார். கூப்பிட்டேன், அசைவில்லை. நேற்று மாலையிலிருந்து இப்படித்தானாம்.

அதே பழைய டிவி. பென்டிரைவைச் செருகினேன். படம் வந்தது, ஒரு தடங்கலும் இல்லாமல். அண்ணியும் நானும் பார்த்தோம்.

தினமும் மதியம் அண்ணன் அதைப் போடச் சொல்வாராம். கருப்புத் திரையில் சத்தம் மட்டும் ஓடும். அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்து, மண்டபத்தில் தான் பார்த்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து சொல்வார். இப்ப நம்ம பொண்ணு வர்றா, இப்ப கையெழுத்து போடுறா, இப்ப மாப்பிள்ளை பேனாவ கீழ போட்டுட்டார். அந்த இடத்தில் மட்டும் அண்ணன் சிரிப்பாராம்.

"உங்கள பத்தியும் சொன்னார். சத்தத்த எவ்ளோ சுத்தமா எடுத்துருக்கான் பாரு, வேலை தெரிஞ்சவன்னார்."

நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான் அன்னிக்குக் கேட்டப்பவே இத செஞ்சிருக்க முடியுமா?"

"முடியும்" என்றேன்.

அண்ணி குனிந்து போர்வையைச் சரிசெய்தார். ஏதாவது திட்டியிருக்கலாம்.

மார்ச் 16

அண்ணன் போய்விட்டார். காலை ஆறு பத்துக்கு.

மார்ச் 29, சனி

அண்ணன் மகள் ஊருக்குத் திரும்பியதும் செய்தி அனுப்பியிருக்கிறாள். "அப்பா படத்த முழுசா பாத்தாருன்னு அம்மா சொன்னாங்க. ரொம்ப தேங்க்ஸ் சித்தப்பா. அவர் பாத்த அதே ஃபைல் எனக்கும் வேணும்."

அண்ணிக்குப் போன் செய்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அப்பா எடத்துல அவளுக்கு இனி இருக்கறது நீங்க ஒருத்தர்தான் தம்பி. அதையும் நான் எதுக்குக் கெடுக்கணும்?"

கணினியில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. சின்னதை அண்ணன் பார்க்கவே இல்லை. பெரியதை ஏழு நாளும் கேட்டிருக்கிறார். பெரியதை அனுப்பினேன். போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. எழுந்திருக்காமல் பக்கத்திலேயே இருந்தேன்.

அவளுடையது புது லேப்டாப். படம் வரும்.