போயா ஞாயிறும் ஆறு கிலோ கோழியும்

12, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கட்டுகஸ்தோட்டைக்குப் போய் செத்தல் மிளகாய், மாஜரின், பூண்டு. இஞ்சி மறந்தாயிற்று.

பஸ் தரிப்பில் வசந்தா டீச்சர். போன மாதம் வரை என்னிடம் வாரப் பெட்டி எடுத்தவர். திங்கள் காலையில் ஒரு பெட்டி, அதில் நான்கு கோழி சான்ட்விச், நல்ல காரமாக. ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் வியாழன் வரை பகல் சாப்பாட்டுக் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் மச்சம் மாமிசம் தொடுவதில்லை, அதனால் நான்கோடு சரி. அவருடைய பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமுக்கு மட்டும் பதினான்கு பெட்டி போய்க்கொண்டிருந்தது. பதினான்கும் இப்போது எங்கள் வீட்டு மாடியிலிருந்து போகிறது. மாடியில் இருப்பவள் என் நாத்தனார் சுகந்தி. இனி சு. முழுப் பேரையும் எழுதி மையை வீணாக்குவதாக இல்லை.

ஏன் மாறினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே ஆரம்பித்தார்.

“மஞ்சு, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. சுகந்திதான் சொன்னாங்க. அண்ணி தோட்டத்து ஆளு, கை சுத்தமெல்லாம் அவ்வளவா பார்க்க மாட்டாங்கன்னு. திங்கிற சாமான் பாருங்க, அதான் எல்லாரும்...”

மழையிலேயே குடையை மடக்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

கை சுத்தம்! கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான் நான். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய். தண்ணீர் வரும் அரை மணி நேரத்துக்குள் குளித்து, துவைத்து, பாத்திரம் தேய்த்து, வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனவளுக்கு இவள் சுத்தம் படிப்பிக்கிறாள். ஒன்பது வருடம் டுபாயில் இருந்தாளாம். வந்ததும் இரண்டு மாதம் என் குசினியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சும்மா ஞாபகத்துக்கு அண்ணி.” மூன்றாம் மாதம் ஊருக்கெல்லாம் வீடியோ போட்டாள்: ‘எனது டுபாய் ரெசிபி’.

செய்யக்கூடியவை:
- மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் பண்ணுவது (மோட்டர் சுவிட்ச் என் பக்கம்)
- என் வீட்டுக்காரரிடம் சொல்வது (“விடு” என்பார்)
- வீடியோவுக்குக் கீழே நாலு வரி எழுதுவது
- தலைமயிரைப் பிடிப்பது

நான்காவது பிடித்திருக்கிறது.

13, வெள்ளி

பருப்பு, போஞ்சி, அப்பளம். கோயிலில் என் வீட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனை. எனக்காக நான் கேட்டதை இந்தக் கொப்பியில்கூட எழுத முடியாது.

பின்னேரம் சு. இறங்கி வந்தாள். பெரிய சட்டி வேண்டுமாம்.

“பதினாலு பெட்டி அண்ணி! ஞாயித்துக்கிழம காலைல போயி கோழி வாங்கி ஒரே மூச்சா முடிச்சிருவேன். நீங்க முந்தின நாளே வாங்கி வச்சிருவீங்க இல்ல? எனக்கு அது சரிவராது. ஃப்ரெஷ்ஷா இருக்கணும்.”

அவள் தலைக்குப் பின்னால் கலண்டர். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் வட்டமாக ஒரு நிலா, பௌர்ணமி. போயா. அன்றைக்குக் கண்டியில் ஒரு கோழிக்கால் வாங்க முடியாது, இறைச்சிக் கடை எல்லாம் அடைப்பு. வார நாளில் வந்தால் லீவு லீவு என்று ஊரே பேசும். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் இங்கே இருக்கிறவர்களுக்கே மறந்துபோகும். ஒன்பது வருடம் இல்லாதவளுக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது.

சொல்ல வாய்வரை வந்தது. உண்மையாகவே வந்தது. மூடிக்கொண்டேன்.

“சட்டிய நல்லா கழுவித்தான் வச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை. கெட்டிக்காரி.

14, சனி

வெயில். துணி காய்ந்தது. மடவளைக்காரர் ஒருவரின் கோழிக் கடை, பல வருடப் பழக்கம், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு மிஞ்சியிருப்பது மூன்று பெட்டி, மருந்துக்கடைப் பிள்ளைகள். ஒரு கிலோ தாராளம். ஆறு கிலோ நெஞ்சுக்கறி வாங்கினேன்.

“என்ன தங்கச்சி, வீட்டுல கலியாணமா?”

“இல்ல நானா. நாளைக்கு போயாதானே.”

“எல்லாருக்கும் இந்த யோசன இருந்தா நமக்குக் கரச்சல் இல்லியே. நாளைக்கு பாருங்க, ஒவ்வொருத்தரா போன் அடிப்பாங்க.”

ஃப்ரிட்ஜ் கதவை முழங்காலால் தள்ளி மூட வேண்டியதாயிற்று. எதற்கு ஆறு கிலோ? எனக்கே தெரியாது. அவளிடம் இல்லாதது என்னிடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

15, ஞாயிறு, போயா

9.20. சு. பையோடு இறங்கினாள். பாட்டு முணுமுணுப்பு வேறு.

10.45. திரும்பினாள். பை தட்டையாக.

11 மணி. மாடியில் போன். சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சிப் பெட்டியைத் துணி போட்டு மூடியிருக்கிறார்களாம். “அக்குறணையிலயுமா இல்ல? ஃப்ரோசன் கூடவா?”

இரண்டாவது டீ போட்டுக் குடித்தேன். இவ்வளவு ருசியாக டீ குடித்து எத்தனை நாள்!

2 மணிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அண்ணி, இன்னைக்குப் போயாவாம். எனக்கு யாருமே சொல்லல. நாளைக்குக் காலைல பதினாலு பேரு... ஒங்ககிட்ட கோழி இருக்கா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், “ஃப்ரிட்ஜ் மூட முடியாம கெடக்கே, அது கோழிதானே?” இருபது வருடத்தில் அவர் வாயைத் திறக்க இதுதான் நேரம்.

அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது. பச்சையாகத் தர மாட்டேன், சமைத்துத் தருகிறேன், நீ மேலே போ என்றேன். இந்த வாரம் என் கோழியைச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்த வாரம் அவளுடையது தொண்டையில் இறங்காது. இறங்கவே கூடாது. குசினிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

இஞ்சி, பக்கத்து வீட்டில் கடன். பூண்டு, மிளகு, உப்போடு கோழியை அவித்து, அந்தத் தண்ணீரிலேயே சூடு தணியவிட்டு, விரலால் நார் நாராகப் பிய்த்தேன். வெங்காயத்தோடு இடித்த செத்தல் மிளகாயைப் போட்டு ஈரம் போகும்வரை வறுத்தேன். பிறகு தட்டுகளில் பரப்பி ஃபேனுக்குக் கீழே முழுதாக ஒரு மணி நேரம். நன்றாக ஆறிய பிறகுதான் தேசிக்காய் பிழிந்த புளி, மயோனைஸ். சூட்டில் கலந்தால் தண்ணீர் விட்டு, செவ்வாய்க்கிழமையே சான்ட்விச் பாண் கூழாகிவிடும். சு. அப்படித்தான் செய்கிறாள். என் குசினியில் எல்லாவற்றையும் படம் பிடித்தாள், இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர. தட்டு ஆறுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று போனை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

பொழுது சாய முன் கோழி மாடிக்குப் போனது. விரல் பத்தும் எரிகிறது.

17, செவ்வாய்

மழை. வசந்தா டீச்சர் போன்.

“மஞ்சு, ஒங்க நாத்தனார் கை இந்த வாரம் என்னமா வந்திருக்கு! மத்த டீச்சர்மாரும் கேக்குறாங்க. அடுத்த வாரத்துக்கு இருபத்திரெண்டு பெட்டி சொல்லியிருக்கோம்.”

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். எரிகிற விரல் எனக்கு, நல்ல பேர் அவளுக்கு. நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவார்களா? போனை வைத்துவிட்டு அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அவர், “விடு.”

18, புதன்

பாத்திரம் கழுவும் சோப் முடிந்தது. வாங்க வேண்டும்.

காலையில் சு. வந்தாள். வாசற்படியோடு நின்றாள், உள்ளே வரவில்லை.

“அண்ணி, அதுல என்ன போட்டீங்க? வீடியோவ பத்துத் தடவ பார்த்துட்டேன். நேத்து அரைக் கிலோ செஞ்சும் பார்த்தேன். தண்ணி விடுது.”

நேற்று அழுததை வாபஸ் வாங்குகிறேன். இருபத்திரண்டு பேர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார்கள், இவள் கையில் தண்ணீர் விடும் கோழி!

“சொல்லித் தர மாட்டேன். செய்யிறது நான்தான்” என்றேன். “நாளைக்கு இன்டர்வலுக்கு ரெண்டு பேரும் ஸ்டாஃப் ரூமுக்குப் போவோம். யாரு செஞ்சதுன்னு ஒன் வாயால சொல்லு. என் கையப் பத்தி முன்ன சொன்னியே, அது பொய்யின்னும் சொல்லு.”

“நான் அப்பிடி ஒண்ணும்...”

“வசந்தா டீச்சர் எல்லாம் சொல்லிட்டாங்க.”

கதவுச் சட்டத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். பாவமாக இருந்ததா? கொஞ்சம். விட்டுவிடும் அளவுக்கு இல்லை.

19, வியாழன்

தூறல். பச்சைச் சேலை, கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுவது. பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்.

ஸ்டாஃப் ரூம் நிறைய ஆள். சிலர் முன்னால் என் கோழிதான், கடைசி சான்ட்விச். சு. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இந்த வாரம் செஞ்சது எங்க அண்ணி. நான் அவங்களப் பார்த்துத்தான் படிச்சேன். சுத்தமில்லன்னு நான் சொன்னது பொய்.”

கடைசிச் சொல் காற்றில் போய்விட்டது. “கேக்கல” என்றேன். மறுபடி சொன்னாள். என் வயிறு குளிர்ந்தது.

ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வசந்தா டீச்சர் சான்ட்விச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னவள் ஒருத்தி. கேட்டவுடன் நம்பியவர்கள் பதினான்கு பேர். ஒருவராவது ஒரு தடவை வந்து என் குசினியை எட்டிப் பார்த்திருக்கலாம். இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

பெட்டி எல்லாம் இனி என் பேரில்.

22, ஞாயிறு

நல்ல வெயில். கோழி நேற்றே வாங்கியாயிற்று. அவித்தும் ஆயிற்று. இருபத்தைந்து பெட்டிக்குப் பிய்க்க ஒருத்தி கை போதாது. மாடிக்குக் குரல் கொடுத்தேன். வந்தாள், போன் இல்லாமல்.

“எதுல தொடங்கணும் அண்ணி?”

குழாயைக் காட்டினேன். முழங்கைவரை சோப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். மூன்றாம் தரமும் கழுவச் சொன்னேன்.