செடிகளுக்கு விடுமுறை இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமே. உன் இருமல் நின்றுவிட்டதா என்பதை அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதவும். சென்ற முறை அதைக் கடைசியில் எழுதியிருந்ததால், நான் படித்து முடிக்கும்வரை உன் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

முதலில், உன் கல்லூரி நூலக வேலை கைநழுவியது பற்றி. நேர்முகத்தில் உன் குறை என்னவென்று கேட்டதற்கு, காலையில் எழச் சிரமப்படுவேன், கூட்டம் கூடினால் பதற்றத்தில் எண்களை மாற்றிப் படித்துவிடுவேன் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். உணவகத்திலும் அதே கேள்விக்கு, தட்டுகளைக் கைதவறிப் போடும் வழக்கம் உண்டு என்றிருக்கிறாய். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டா அப்படியே ஒப்பிச்சிடறதா? எல்லாம் உங்க வளர்ப்பு! பொய் சொல்ல வேணாம், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்ல?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்விக்கு நீ உண்மையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாய். ஆயினும் நூலகத்தார் கேட்டது ஒரு குறை. நீ கொடுத்தது இரண்டு. இனிமேல் கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும்.

தாவரவியல் துறையின் கண்ணாடி வீட்டைக் கவனிக்கும் அம்மையாரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தண்ணீர் ஊற்றினோமா என்ற சந்தேகத்தில் மறுபடியும் ஊற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என நீ சொன்னதற்கு, "அப்போ மண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு ஊத்து. விரல் இருக்குல்ல?" என்று கேட்டு, உடனே வேலையும் தருவதாகச் சொன்னாராமே. குறையைக் கேட்டதும் அதற்கு வழி சொல்பவரிடம் வேலை பார்ப்பது நல்லது.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். பருவ விடுமுறையில் மற்ற மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். விடுமுறை முழுவதும் அங்கேயே தங்குவதாக ஒப்புக்கொண்டால்தான் வேலை. அதற்கு நீ, "வேண்டாம்னு சொல்லிடட்டுமாப்பா? பேசாம வீட்டுக்கே வந்து நம்ம ஊர்க் கல்லூரியில் சேர்ந்துக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

நீ அனுப்பிய உதவித்தொகை விதிகளை முழுவதும் படித்தேன். வளாகத்தில் வேலை செய்யும் உரிமையை மட்டுமே அவை தருகின்றன. வேலையை நீதான் தேடிக்கொள்ள வேண்டும். இந்தப் பருவம் முடிவதற்குள் சேராவிட்டால் அந்த உரிமையும் காலாவதியாகிவிடும். மீதி உதவி கட்டணத்துக்குச் சரியாகப் போய்விடும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் என் சம்பளம் போதாது. ஆகவே இந்த வேலை இல்லையென்றால் அங்கே உன் படிப்பும் இல்லை. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

இவ்வளவு தெளிவான விஷயத்துக்குப் பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று நீ கேட்கலாம். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் என் வேலை உனக்குத் தெரியும். ஒரு கடைக்குள் நுழைந்தால் படிக்கல்லைப் பிறகுதான் எடுப்பேன். வெறும் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்பேன். "வீட்டுக்கே வந்துடறேன்" என்ற வரியைப் படித்தவுடன், நியாயங்கள் எதையும் வைப்பதற்கு முன்பே, என் மனத்தராசின் ஒரு தட்டு தரையைத் தொட்டுவிட்டது. அப்படிப்பட்ட தராசில் எதையும் நிறுக்கக் கூடாது. அது நேராகும்வரை காத்திருந்தேன். முழுவதும் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

உன் விடுமுறையை ஒட்டி நான் விண்ணப்பித்திருந்த விடுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மேலதிகாரி, "என்ன சார், நீங்க லீவு கேட்டதே அதிசயம். இப்ப அதையும் வேணாங்கறீங்களே?" என்றார். ஆய்வுப் பணி நிலுவையில் இருப்பதாகச் சொன்னேன். நிலுவை இருப்பது உண்மையே.

மூலைக் காய்கறிக் கடைக்காரருக்கு எப்படியோ செய்தி தெரிந்திருந்தது. போன வாரம்வரை, "என்ன தராசு சார், மக வர்றாங்களா? முகத்துல பல்லெல்லாம் தெரியுது!" என்று கடைக்குக் கடை கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தவர், நேற்று கத்திரிக்காயை நிறுத்துப் பைக்குள் போட்டு, பையை அவரே என் தோளில் மாட்டிவிட்டார்.

உன் அறைச் சன்னலின் கொக்கியை மாற்றிவிட்டேன். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். உன் அம்மாதான் அவ்வப்போது அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க?" என்று என்னைக் கேட்டாள். கொக்கியைச் சரிபார்க்க என்றேன்.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அம்மையாரைப் போய்ப் பார். சம்மதம் என்று சொல். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காதே, வீட்டில் கேட்டாயிற்று. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தேர்வு நாட்களில் யார் பார்ப்பது, ஆள் குறைந்த வளாகத்தில் இரவில் காவல் உண்டா என்பதை மட்டும் அவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள். மண்ணைத் தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு. ஈரக் காலோடு நிற்காதே.

கடைசியாக ஒன்று. விடுமுறைக்குப் பிறகு என்றைக்காவது அம்மையார், ஒருநாள் போய் வா என்று சொன்னால், வந்துவிடு. ஒருநாளுக்காக இவ்வளவு தூரமா என்று யோசிக்காதே. முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. எந்த நேரமானாலும் கதவைத் தட்டு. உன் அம்மா தூங்கியிருந்தாலும், நான் விழித்திருப்பேன்.

நீ தொடுவதெல்லாம் துளிர்க்கட்டும், கண்ணே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா