நான் அழாத வீடியோ

என் அன்பு 'என்னங்க'வுக்கு,

இருபத்தாறு வருஷமும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். கல்லறையில் நட்ட சிலுவையில் உங்கள் முழுப்பெயரைப் படித்தபோது, வேறு யாரையோ புதைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. அதனால் பழைய பெயரே இருக்கட்டும்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். போன மாத மழையில் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்தது. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களே புதைந்துபோனதை நினைத்து எல்லோரும் பயந்துபோய் இரண்டு நாள் பாடசாலையில் தங்கினோம். எனக்குப் பயமே வரவில்லை. போகச் சொன்னார்கள், போனேன். வரச் சொன்னார்கள், வந்தேன்.

அழுகையும் வரவில்லை. நம் மகள் ஷாலினி இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதுவிட்டாள். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் இல்லையா, அப்படி ஒருநாள் உங்கள் தலையணையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் வாசம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அடக்கத்தன்று லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு லெட்சுமி அக்கா ஓடிவந்து உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். "வேதக்காரவுங்க வீட்டுல இப்படி அழக்கூடாதுங்க" என்று நம் சபைச் சகோதரிகள் பாட்டை உரக்க எடுத்தார்கள். லெட்சுமி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். நானோ உங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார்கள்.

நான் அழாததைப் பார்த்துச் சபையே அசந்துபோனது. "சிஸ்டரோட விசுவாசத்தப் பாருங்க" என்று பாஸ்டர் குழியருகேயே சொன்னார். மூன்றாவது ஞாயிறு சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நம் சபைச் சாட்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? வியாதி வந்தது, சுகம் கிடைத்தது. வேலை போனது, வேறு வேலை வந்தது. முடியாத கதையோடு யாராவது மைக்கைப் பிடித்து நாம் பார்த்திருக்கிறோமா?

பொய் சொல்ல வேண்டுமென்று நான் ஏறவில்லை. ஏறியதும் வாய் தானாக ஒப்பித்தது. "கர்த்தர் என் கண்ணீரத் தொடச்சிட்டாரு, எனக்குப் பெலன் குடுத்தாரு" என்றேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வராத கண்ணீரை யார் துடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சபையில் இப்போது எல்லாமே நேரலை. பாட்டுப் புத்தகம் அலமாரியில் கிடக்கிறது, சுவரில் திரை தொங்குகிறது. ஆராதனைக்கு நடுவே எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று போனை எட்டிப் பார்க்கிறோம். என் பேச்சை மட்டும் வெட்டி, பின்னால் இசை போட்டு, 'கண்ணீரை வென்ற விசுவாசம்' என்று எழுதிப் பேஸ்புக்கில் விட்டார்கள். பண்டாரவளைச் சந்தையில் கோவா, கரட் வாங்கப் போனால், "அந்த வீடியோவுல வந்தது நீங்கதானே?" என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள். ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுக் கோவாவைப் பார்த்துப் பொறுக்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்கள் விட்டுப்போன குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். பெரகலையிலிருந்து ரெஜினா என்று ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. அவளுடைய ஆறு வயது மகன் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம்.

"அக்கா, நீங்க என்ன ஜெபம் பண்ணுனீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. எனக்கு அழுகைய நிறுத்தணும்."

"எதுக்கும்மா நிறுத்தணும்?"

"நான் அழுதா எங்க வீட்டுக்காரரு ஒங்க வீடியோவப் போட்டுக் காட்டுறாரு. இந்த அம்மாவுக்கு இருக்கிற விசுவாசம் ஒனக்கு இல்லையான்னு கேக்குறாரு. அழுகை வந்தா இப்ப கக்கூசுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிறேன்."

கரண்டி கையிலேயே இருந்தது. அந்த மனுஷனையும் என்ன சொல்வது? அவனுக்கும் அது பிள்ளைதானே. எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியவனுக்கு நான் கிடைத்துவிட்டேன்.

"அப்படி ஒரு ஜெபமே இல்லம்மா" என்றேன். "நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். எனக்கு அழுகை வரல, அவ்வளவுதான். ஜெபமும் வரல. ஒனக்கு வருதே, நீ அழு."

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பிள்ளை அழுதால் எல்லாம் அழும் இடமாயிற்றே, தூங்கிக்கொண்டிருந்தவையெல்லாம் எழுந்து கூடவே கத்தின. அத்தனை அழுகைக்கும் நடுவில் என் கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

அன்று மாலையே பாஸ்டரிடம் போய், வீடியோவை எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் சரியாகச் சொல்கிறேன் என்றேன். "எத்தன பேரு ஆசீர்வாதமா இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க சிஸ்டர். இப்பப் போயி அப்படிச் சொன்னா சபை பேரு என்னாகும்? கொஞ்சம் பொறுங்க" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உங்கள் கட்டில் பக்கத்தில் நின்றவர்.

ஷாலினிதான் பாவம். அவளுக்கு நம் சபையிலேயே ஒரு பையனைப் பேசி வைத்திருக்கிறோம். "சாட்சியே பொய்யின்னு சொன்னா அவுங்க வீட்டுல என்னம்மா நெனப்பாங்க? என் கல்யாணம் முடியிற வரைக்குமாவது சும்மா இருங்கம்மா" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? இரண்டு நாளாக உங்கள் குரலில் யோசித்துப் பார்க்கிறேன், பதில் வரவில்லை.

அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். கர்த்தரிடம் எனக்குக் கோபம் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல்தான் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதையாவது உள்ளபடி சொல்லிவிட வேண்டாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்குத் தருகிற வாக்கு. மைக் தராவிட்டால் சும்மா வாயால் சொல்வேன். நேரலையை நிறுத்தினால் திங்கட்கிழமை பெரகலைக்கு, ரெஜினா வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். அந்த மனுஷன் என்னைப் போனில் பார்த்தது போதும். அவன் வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்து, அந்தப் பெண் நடு வீட்டில் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஷாலினி அம்மா